கிளிப்பா, அலைனரா? – ஒரு பொட்டி தட்டுபவனின் பல் புராணம்

பல்லு வரிசையா இல்லாதவங்களுக்கு நம்ம ஊர்ல ரெண்டு வகை ஆறுதல் இலவசமா கிடைக்கும். ஒண்ணு, "தெத்துப்பல்லு அதிர்ஷ்டம்". இன்னொண்ணு, "இத்தனை வயசுக்கு மேல எதுக்கு அதெல்லாம்". முதலாவது நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியாது (போன வருஷ அப்ரைசலைப் பார்த்தா பொய்தான்). ரெண்டாவது சுத்தமா தப்பு. ஈறும் எலும்பும் ஆரோக்கியமா இருந்தா இருபத்தெட்டுலயும் பல்லு நகரும், நாற்பத்தெட்டுலயும் நகரும். வளர்ற வயசுல தாடை எலும்பையே கொஞ்சம் வழிக்குக் கொண்டுவரலாம், பெரியவங்களுக்கு அது முடியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பதிவு அதைப் பத்தி இல்லைங்க. போடலாம்னு முடிவு பண்ணின பிறகு ஒரு கேள்வி வருது பாருங்க, கம்பி போட்ட கிளிப்பா, இல்ல கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறையான அலைனரான்னு, அதைப் பத்தி. விளம்பரம் எல்லாம் இதை அழகு சம்பந்தப்பட்ட கேள்வியா காட்டுது. எது வெளிய தெரியும், எது தெரியாது. என்னோட கட்சி வேற. பல்லை நகர்த்துற பொறுப்பை டாக்டர் கையில கொடுக்கறீங்களா, உங்க கையிலயே வச்சுக்கறீங்களாங்கறதுதான் உண்மையான கேள்வி. அதுக்கு நேர்மையா பதில் சொன்னா, என்னை மாதிரி ஆளுங்கள்ல நிறைய பேருக்கு பழைய மெட்டல் கிளிப்பே நல்லது. நான் போட்டு ஏழு மாசம் ஆச்சு.

என் கேஸ் இதுதான். கீழ்வரிசை முன்பல்லு நாலும் தேர்க்கூட்டத்துல நிக்கற மாதிரி ஒண்ணை ஒண்ணு தள்ளிட்டு நிக்கும். மேல்வரிசை முன்னால தள்ளியிருக்கும். வாயை மூடினா கீழ்ப்பல்லு மேல் ஈறோட உள்பக்கம் போய் இடிக்கும். ஸ்கூல்ல எனக்கு என்ன பட்டப்பேர் இருந்திருக்கும்னு நீங்களே ஊகிச்சுக்கலாம், கொசுவர்த்தி சுத்த வேண்டாம். அழகுக்காக மட்டும்னா விட்டிருப்பேன். ஈறு இடிபட்டு ரத்தம் வர ஆரம்பிச்சதால டாக்டரைப் பார்த்தேன். மேல கோரைப்பல்லுக்குப் பின்னாடி இருக்கிற பல்லுல பக்கத்துக்கு ஒண்ணு எடுத்துட்டு, அந்த இடத்துக்கு முன்பல்லைப் பின்னால இழுக்கணும்னு சொன்னாங்க.

பல்லு எப்படி நகருது?

ரெண்டு பக்க வாதத்தையும் புரிஞ்சுக்க இது தெரியணும். பல்லு எலும்புல ஆணி மாதிரி அடிச்சு வச்சதில்ல. வேருக்கும் எலும்புக்கும் நடுவுல கால் மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு சவ்வு இருக்கு. ஒரு பக்கமா தொடர்ந்து மெதுவா அழுத்தம் கொடுத்தா, அழுத்துற பக்கம் எலும்பு கரையும், இழுபடுற பக்கம் புது எலும்பு வளரும். பல்லு அந்தப் பள்ளத்துக்குள்ள நகரும். மாசத்துக்கு தோராயமா ஒரு மில்லிமீட்டர். அவசரப்பட்டு அதிகமா அழுத்தினா வேகம் கூடாது, வலியும் வேர் தேயற ஆபத்தும்தான் கூடும்.

இதுல முக்கியமான வார்த்தை "தொடர்ந்து". அழுத்தத்தை எடுத்துட்டா பல்லு பழைய இடத்தைத் தேடிப் போகும். கம்பியோ பிளாஸ்டிக்கோ, எலும்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எத்தனை மணி நேரம், எந்தத் திசை, எவ்வளவு பலம் – இதுதான் அதுக்குத் தெரியும்.

கம்பியோட கதை

இது நேத்து வந்த சமாச்சாரம் இல்ல. 1728-லேயே பியர் ஃபோஷார்ங்கற பிரெஞ்சு பல் மருத்துவர், உலோகப் பட்டையில பல்லைக் கட்டி நேராக்கறதைப் பத்தி எழுதியிருக்கார். இப்ப நாம போடுற கிளிப்போட தாத்தா, அமெரிக்காக்காரர் எட்வர்ட் ஆங்கிள் 1928-ல கொண்டுவந்த அமைப்பு. பல்லு மேல சின்ன பிராக்கெட், அதுல ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள்ள ஒரு கம்பி.

கம்பிக்குப் பின்னாடி ஒரு ராணுவக் கதை இருக்கு. நிக்கலும் டைட்டானியமும் கலந்த, வளைச்சாலும் பழைய வடிவத்தை ஞாபகம் வச்சுக்கிற உலோகத்தை அமெரிக்கக் கடற்படையோட ஆயுத ஆராய்ச்சிக் கூடத்துல வில்லியம் பியூலர்ங்கறவர் உருவாக்கினார். நிட்டினால்னு பேர். 1970-களோட தொடக்கத்துல ஐயோவா பல்கலைக்கழகத்துல ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் அதை பல்லுக்குக் கொண்டு வந்தார். கோணலான பல்லுல வளைச்சு மாட்டிட்டா, அந்தக் கம்பி நேராகறதுக்கு முயற்சி பண்ணிட்டே இருக்கும், கூடவே பல்லையும் இழுத்துட்டு வரும். நீங்க தூங்கினாலும், ஆபீஸ்ல ஆணி புடுங்கினாலும், விருந்துக்குப் போனாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். ஞாயித்துக்கிழமை லீவு கிடையாது.

அலைனரோட கதை

இதோட யோசனையும் பழசுதான். 1945-லேயே கெஸ்லிங்ங்கற அமெரிக்க டாக்டர், ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா கொஞ்சம் கொஞ்சம் மாத்தின அச்சுகளைப் போட்டு பல்லை நகர்த்தலாம்னு எழுதிட்டார். ஆனா ஒவ்வொரு அச்சையும் கையால செய்யணும். யாரால முடியும்?

முடிய வச்சது நம்ம ஆளுங்க, அதாவது கம்ப்யூட்டர். ஸ்டான்ஃபோர்ட்ல எம்.பி.ஏ. படிச்ச ஜியா சிஷ்டி, பெரியவரான பிறகு கிளிப் போட்டவர். கிளிப் கழட்டின பிறகு கொடுக்கிற ரிடெய்னரை அவர் சில நாள் மாட்டாம விட்டப்ப பல்லு நகர்ந்துச்சு, திரும்ப மாட்டினப்ப பழைய இடத்துக்கே வந்துச்சு. அப்ப பிளாஸ்டிக்காலயே பல்லை நகர்த்தலாமேன்னு பொறி தட்டினதா சொல்வாங்க. 1997-ல கெல்சி விர்த்தோட சேர்ந்து அலைன் டெக்னாலஜி கம்பெனியை ஆரம்பிச்சார். 1998-ல அமெரிக்க அரசு அனுமதி. அதுதான் இன்விசலைன்.

வேலை செய்ற விதம் ஒரு சாஃப்ட்வேர்காரனுக்கு ரொம்பப் பிடிக்கும். பல்லை ஸ்கேன் பண்ணி, முப்பரிமாண மாடலா மாத்தி, இப்ப இருக்கிற நிலையில இருந்து கடைசி நிலை வரைக்கும் படிப்படியா பிரிக்கறாங்க. ஒவ்வொரு படிக்கும் ஒரு மாடலை பிரின்ட் பண்ணி, அது மேல சூடான பிளாஸ்டிக் தகட்டை அழுத்தி உறை செய்யறாங்க. ஒரு உறை பல்லை கால் மில்லிமீட்டர் வரைக்கும் தள்ளும். ஒரு வாரமோ ரெண்டு வாரமோ போட்டுட்டு அடுத்தது. நம்ம ரெண்டு வார ஸ்பிரின்ட் மாதிரியே!

2017-ல அந்தக் கம்பெனியோட ஆரம்பகால பேட்டன்ட்டுகள் காலாவதியாக ஆரம்பிச்சது. அப்புறம் பாருங்க, ஊருக்கு நாலு அலைனர் கம்பெனி. நம்ம நாட்டுலயும் வீட்டுக்கே வந்து ஸ்கேன் எடுக்கறாங்க, மாசத் தவணை வேற.

டெமோ வேற, புரொடக்‌ஷன் வேற

க்ளினிக்ல கம்ப்யூட்டர்ல ஒரு வீடியோ காட்டுவாங்க. உங்க கோணப்பல்லு முப்பது செகண்ட்ல முத்து மாதிரி வரிசையா வந்து நிக்கும். நானும் மயங்கித்தான் போனேன். ஆனா பொட்டி தட்டுற நமக்கே தெரியுமே, டெமோல ஓடுறதெல்லாம் கஸ்டமர் சிஸ்டத்துல ஓடாதுன்னு.

அந்த வீடியோ ஒரு திட்டம். பல்லு அதைக் கேட்டு நடக்கும்னு கேரன்ட்டி இல்ல. லேசான நெருக்கம், லேசான இடைவெளி, கொஞ்சம் சாய்ஞ்ச பல்லு – இதையெல்லாம் அலைனர் நல்லாவே பண்ணும். உருண்டையான பல்லைத் திருப்பறது, பல்லைக் கீழ இழுக்கறது, பல்லு எடுத்த பெரிய இடைவெளியை வேரோட சேர்த்து மூடறது – இங்கதான் அது திணறும். உறை பல்லைச் சரியா பிடிக்கணும்னு பல்லு நிறத்துலயே சின்னச் சின்ன மேடு ஒட்டுவாங்க. ஆக "கண்ணுக்கே தெரியாது"ங்கறதும் முழு உண்மை இல்ல. நடுவுல திட்டப்படி நகரலைன்னா மறுபடி ஸ்கேன், மறுபடி புது செட்.

எனக்கு மூட வேண்டிய இடைவெளி ஒரு பக்கத்துக்கு ஏழு மில்லிமீட்டர். அலைனர்ல முடியாதான்னு கேட்டேன். "முடியும். கை தேர்ந்த டாக்டரும், சொன்ன பேச்சைக் கேக்குற பேஷன்ட்டும் வேணும்"னாங்க. முதலாவது கிடைப்பாங்க. ரெண்டாவதுதான் இடிச்சது.

22 மணி நேரக் கணக்கு

அலைனரை ஒரு நாளைக்கு 20-ல இருந்து 22 மணி நேரம் மாட்டியிருக்கணும். சாப்பிடவும், தண்ணி தவிர வேற எதைக் குடிக்கவும் கழட்டணும். கழட்டினா, பல்லு விளக்கிட்டுத்தான் திரும்ப மாட்டணும்.

இப்ப கணக்குப் போடுவோம். கையில இருக்கிறது 2 மணி நேரம், அதாவது 120 நிமிஷம். காலைல 20, மதியம் 30, ராத்திரி 30. ஆக 80. மிச்சம் 40. நாலு டீ, டீக்குப் பத்து நிமிஷம். முடிஞ்சுது! பல்லு விளக்க ஒரு நிமிஷம்கூட பாக்கி இல்ல. இதுல அம்மா சாயந்திரம் கொண்டு வந்து வைக்கிற பக்கோடா, சேலத்துப் பக்கம் போனா கண்டிப்பா சாப்பிடற தட்டுவடை செட், பஸ் நின்ன இடத்துல வாங்குற வெள்ளரிக்கா, எதுக்கும் இடம் கிடையாது.

"டீயை உறையோடவே குடிச்சுடலாமே"ன்னு தோணும். சூட்டுல உறை வளையும். சர்க்கரைத் தண்ணி உறைக்குள்ள தேங்கி பல்லை ஊற வைக்கும், சொத்தைக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. கல்யாணப் பந்தியில கழட்டி டிஷ்யூ பேப்பர்ல சுத்தி இலை ஓரம் வச்சீங்கன்னா இலையோட போயிடும். அப்புறம் எச்சில் இலைக்குள்ள உங்க ஆயிரக்கணக்கான ரூபாயைத் தேடணும்.

இதெல்லாம் ஒழுங்கா பண்றவங்க இருக்காங்க. எங்க டீம்ல ஒரு பொண்ணு டப்பா, பிரஷ் எல்லாம் பையில வச்சுக்கிட்டு, ஒரு வருஷம் டீயையே ரெண்டா குறைச்சு, அழகா முடிச்சா. அவளுக்கு அலைனர்தான் சரி. நான் மொபைல் அலாரத்தை ஸ்னூஸ்ல போட்டே மூணு வேலைநாள் ஓட்டுற ஆளு. என்னை நம்பி என் பல்லை ஒப்படைக்க எனக்கே மனசு வரலை.

மஞ்சள் ஊர்க்காரனோட தனிக் கவலை

எங்க ஊரு நாமகிரிப்பேட்டை. மஞ்சள் ஏலத்துக்குப் பேர் போன ஊரு. விரலியும் உருண்டையும் மூட்டை மூட்டையா வந்து இறங்கும். குழம்புல மஞ்சள் அளவு எப்படி இருக்கும்னு சொல்லவே வேண்டாம்.

மெட்டலுக்கும் அலைனருக்கும் நடுவுல செராமிக் கிளிப்னு ஒண்ணு இருக்கு. பிராக்கெட் பல்லு நிறத்துலயே இருக்கும், தூரத்துல தெரியாது. அழகாத்தான் இருக்கு. ஆனா கம்பியைக் கட்ட அதுல போடுற கண்ணாடி நிற ரப்பர், மஞ்சள் போட்ட ரெண்டு வேளைக் குழம்புலயே மஞ்சளாயிடும். அடுத்த மாசம் டாக்டர் மாத்துற வரைக்கும் மங்களகரமா சிரிக்கணும். உறையை மாட்டிட்டே சாப்பிட்டா அலைனருக்கும் அதே கதிதான். வடக்கத்திக்கார டாக்டர்கள் இல்ல, எந்த ஊரு டாக்டரா இருந்தாலும் நம்ம சாப்பாட்டுக்காரங்ககிட்ட இதை முதல்லயே சொல்லணும். மெட்டல்ல சாம்பல் கலர் ரப்பர் போட்டா பிரச்சினையே இல்ல.

கிளிப்புல கஷ்டமே இல்லையான்னா, இருக்கு. நியாயமா அதையும் சொல்லணும். முதல் நாலு நாள் தயிர் சாதம்தான் (அலைனர்லயும் ஒவ்வொரு புது உறைக்கும் வலி உண்டு). முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், கரும்பு எல்லாத்துக்கும் தடா. கம்பி முனை கன்னத்துல குத்தும், மெழுகு வச்சு சமாளிக்கணும். பல்லு விளக்க பத்து நிமிஷம் ஆகும், சோம்பேறித்தனம் பண்ணினா கிளிப் கழட்டும்போது பல்லுல வெள்ளைத் திட்டு நிக்கும். மாசாமாசம் டாக்டர்கிட்ட போகணும். நான் பெங்களூர்ல இருந்து ஊருக்கு வர்ற வாரத்துல சேலத்துல இறங்கி பார்த்துட்டு, ராசிபுரம் பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போறேன்.

அலைனர் யாருக்கு?

லேசான பிரச்சினை, நல்ல ஒழுங்கு, கையில காசு – மூணும் இருக்கிறவங்களுக்கு. ஆன்சைட் போற வாய்ப்பு இருக்கிறவங்களுக்கும்தான், ஏன்னா உறைகளை மொத்தமா வாங்கிட்டுப் போயிடலாம், கிளிப்பை நடுவுல வேற நாட்டு டாக்டர்கிட்ட மாத்தறது பெரிய தலைவலி. ஈறு பலவீனமானவங்களுக்கு சுத்தம் பண்ண சுலபம். நிக்கல் அலர்ஜி இருக்கிறவங்களுக்கு நிட்டினால் கம்பி ஆகாது. அப்புறம் ஊதற வாத்தியக்காரங்க. நாதஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனோட பேர்லயே இருக்கிற ஊர்ல உக்காந்து இதைச் சொல்லாம விட்டா பாவம். உதட்டுக்கு நடுவுல சீவாளியைப் பிடிச்சு மணிக்கணக்கா வாசிக்கிறவருக்கு, உதட்டுக்குப் பின்னாடி இரும்பு முள்ளு இருந்தா என்ன ஆகும்? அவருக்கு கழட்டி வைக்கிற வசதி அழகுப் பிரச்சினை இல்ல, பொழப்பு.

காசும் டாக்டரும்

நான் விசாரிச்ச இடங்கள்ல மெட்டல் கிளிப் முப்பதாயிரத்துல இருந்து அம்பதாயிரம், அலைனர் ஒரு லட்சத்துல இருந்து மூணு லட்சம் வரைக்கும் சொன்னாங்க. இன்சூரன்ஸ் பெரும்பாலும் இதுக்குக் கிடைக்காது. காசு இடிச்சா பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. சேலத்துல விநாயகா மிஷன்ஸ் சங்கராச்சாரியார் கல்லூரி, திருச்செங்கோட்டுல கே.எஸ்.ஆர். கல்லூரி. மேல்படிப்பு படிக்கிற டாக்டர்கள் பேராசிரியர் மேற்பார்வையில பார்ப்பாங்க. நேரம் ஆகும், செலவு குறைவு.

கம்பியோ அலைனரோ, பி.டி.எஸ். முடிச்சு அதுக்கு மேல மூணு வருஷம் இதையே எம்.டி.எஸ்.ஸா படிச்ச ஆர்த்தோடான்டிஸ்ட் பார்க்கணும். பல்லு வேரையும் எலும்பையும் எக்ஸ்ரே எடுக்காம, வெறும் ஸ்கேனை வச்சு "ஆறு மாசத்துல முடிச்சுடலாம்"னு சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

இதுக்கு ஒரு உதாரணம் அமெரிக்காவுலயே இருக்கு. ஸ்மைல் டைரக்ட் கிளப்னு 2014-ல ஆரம்பிச்ச கம்பெனி. டாக்டரை நேர்ல பார்க்கவே வேண்டாம், வீட்டுல இருந்தே அச்சு எடுத்து அனுப்பினா உறை தபால்ல வந்துடும். 2019-ல பங்குச் சந்தைக்கு வந்தாங்க. 2023 செப்டம்பர்ல திவால் மனு, டிசம்பர்ல கடையை மூடிட்டாங்க. சிகிச்சை நடுவுல இருந்தவங்களுக்குக் கிடைச்ச பதில், "உங்க ஊர் டாக்டரைப் பாருங்க". தவணையில வாங்கினவங்க மட்டும் தவணையைத் தொடர்ந்து கட்டணுமாம்! பாதி நகர்ந்த பல்லோட எந்த கஸ்டமர் கேருக்கு போன் பண்றது? கம்பெனி மூடலாம், சர்வீஸ் சென்டர் மூடலாம். பல்லு உங்க வாயிலதான் இருக்கும். அதுக்கு முகம் தெரிஞ்ச ஒரு டாக்டர் வேணும்.

கல்யாணச் சந்தை

கடைசியா, யாரும் வெளிப்படையா பேசாத மேட்டர். நம்ம பக்கம் பெரியவங்க பல்லைச் சரி பண்றதே பெரும்பாலும் கல்யாணத்துக்காக. அலைனர் விக்கிறதும் அதனாலதான். ஜாதகம் வெளிய போற நேரத்துல கிளிப்போட போட்டோ எடுக்க யாருக்கும் மனசு வராது.

எங்க அம்மாவும் அதைத்தான் சொன்னாங்க. "கல்யாணம் முடியட்டும் கண்ணு, அப்புறம் போட்டுக்கலாம். இல்லாட்டி அந்த வெளிய தெரியாததைப் போடு, அப்பாகிட்ட மஞ்சக் காசு இருக்குது". ஏலத்துல வர்ற மஞ்சக் காசு வருஷம் முழுக்க வெயில்ல நின்ன காசு. நாலு மாசம் முன்னாடி ஒரு வரன் வீட்ல இருந்து, "மாப்பிள்ளைக்கு வாயில ஏதோ வைத்தியம் நடக்குதாமே, என்ன கோளாறுங்க?"ன்னு தரகர் மூலமா கேட்டு விட்டாங்க. அப்புறம் அந்தப் பேச்சே வரலை. அம்மா ரெண்டு நாள் சரியா சாப்பிடலை. எனக்கும் வலிச்சுதுன்னு சொல்றதுல வெக்கமில்ல. ஆனா, வாயில கம்பி இருக்குன்னு ஒதுங்கிப் போறவங்க, நாளைக்கு அதைவிடப் பெரிய கஷ்டம் வந்தா என்ன பண்ணுவாங்க?

இதுல பொண்ணுங்க பாடு இன்னும் மோசம். நிச்சயம் ஆனதும் "முகூர்த்தத்துக்கு இன்னும் அஞ்சு மாசம், அதுக்குள்ள பல்லை நேராக்கிடுங்க"ன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்க. எலும்பு முகூர்த்தம் பார்த்து கரையாது. ஒன்றரை வருஷ வேலையை அஞ்சு மாசத்துல கேட்டா, எந்த டாக்டராலயும் உருப்படியா பண்ண முடியாது. முகூர்த்த தேதியை வச்சு எடுக்கிற முடிவு கம்பியா இருந்தாலும் தப்பு, அலைனரா இருந்தாலும் தப்பு.

அதனால என் கருத்து இதுதான். உங்க பிரச்சினை எவ்வளவு பெருசுன்னு முதல்ல டாக்டர்கிட்ட கேளுங்க. ரெண்டாவதா, 22 மணி நேரம் உங்களால முடியுமான்னு உங்களை நீங்களே கேளுங்க. மூணாவதா காசு. "பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க"ங்கறதை நாலாவது இடத்துல வைங்க. முதல் மூணுக்கும் பதில் அலைனர்னு வந்தா தாராளமா போடுங்க. நாலாவதுக்காக மட்டும் ஒரு லட்சம் கூடக் கொடுக்காதீங்க. ஸ்டாண்ட் அப் மீட்டிங்ல என் கிளிப்பை முதல் ரெண்டு நாள் பார்த்தாங்க. மூணாவது நாள்ல இருந்து "அந்த பக் என்னாச்சு"ன்னுதான் கேக்கறாங்க.

ஒண்ணு மட்டும் ரெண்டுக்கும் பொது. முடிஞ்ச பிறகு ரிடெய்னர் போடணும். முதல்ல நாள் முழுக்க, அப்புறம் ராத்திரி மட்டும், கிட்டத்தட்ட ஆயுசுக்கும். அதை விட்டா பல்லு மெதுவா பழைய இடத்துக்குக் கிளம்பிடும், நீங்க போட்டது கம்பியா அலைனரான்னு பார்க்காது.

டிஸ்கி: நான் படிச்சது இன்ஜினியரிங், பல் மருத்துவம் இல்ல. இதை வச்சு உங்க பல்லுக்கு முடிவு எடுக்காதீங்க, டாக்டர்கிட்ட என்ன கேள்வி கேக்கணும்னு மட்டும் எடுத்துக்கங்க. இன்னும் ஒரு வருஷம் முறுக்கு சாப்பிட முடியாத கடுப்புல எழுதினதுன்னும் வச்சுக்கலாம்.